லூயிசெட்டியா, மைக்கனா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் திருப்பிப்போட்டவர் யார் என்று கேட்டால், நான் ஹேங்க் லூயிசெட்டி பக்கம்தான் நிற்பேன். எல்லாரும் இரு கைகளால் நின்று எறிந்த காலத்தில், ஸ்டான்ஃபோர்டு அணியின் இந்த இளைஞர் ஓடிக்கொண்டே ஒரு கையால் பந்தைக் கூடைக்குள் அனுப்பினார். 1936 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், தொடர்ந்து 43 ஆட்டங்களை வென்றிருந்த லாங் ஐலண்ட் அணியை ஸ்டான்ஃபோர்டு 45–31 என வீழ்த்தியது. அன்று 15 புள்ளிகள் அவருடையவை. 1938 புத்தாண்டு நாளில் டியூக்கேன் அணிக்கு எதிராக 50 புள்ளிகள்!

டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கனுக்கோ உயரமே ஆயுதம்: 6 அடி 10 அங்குலம், மூக்கில் கனத்த கண்ணாடி. கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டக் கூடாது என்று 1944-இல் விதி வந்ததற்கு அவரைப் போன்ற நெடியவர்களே காரணம்.

பிற்கால வாழ்க்கையில் மைக்கனுக்கே யோகம். மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் தொழில்முறை ஆட்டத்தின் முதல் பெரும் நட்சத்திரமானார். லூயிசெட்டி தொழில்முறையில் ஆடவே இல்லை. போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டது. ஆனாலும் 1959-இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ முதல் பட்டியலில் இருவருமே இடம்பெற்றார்கள்.