“தலைவர் இல்லாத சங்கம்” என்று காசு கேட்டு வருகிறார்கள், கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். புரொஜெக்டர், தேநீர், ரோல்ஸ் எல்லாம் அமர்க்களம். புலம்பெயர் உறவுகளும் ஊர்ச்சனமும் சேரும் பிளாக்செயின் சமூகமாம். பிளாக்செயின் என்றால் பல கணினிகளில் ஒரேமாதிரிப் பதிவாகும் பொதுக் கணக்கேடு. தலைவர், பொருளாளர் கிடையாது. காசு போட்டால் டோக்கன் என்ற டிஜிட்டல் பங்கு, டோக்கன் கூடினால் வாக்கும் கூடும், செலவெல்லாம் வாக்குப்படி. கணக்கை எவராலும் அழிக்க முடியாது என்றார்கள். சங்கக் கணக்குப் புத்தகம் காணாமல் போன கதைகளைக் கண்ட சனத்துக்கு இது பிடிக்காமல் போகுமா?

வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்க இங்கே அனுமதி இல்லை. மத்திய வங்கி பலமுறை சொன்ன விடயம். அதனால் காசை ஏஜெண்டிடம் கையில் கொடுக்க வேண்டும், அவர் டெதர் (டொலர் பெறுமதியோடு ஒட்டிய கிரிப்டோ நாணயம்) வாங்கிப் போடுவார். நான் 25,000 ரூபா கொடுத்து ரசீது கேட்டேன். “அக்கா, செயினிலேயே பதிவாகுமே, துண்டு எதுக்கு?” என்றார்.

முதல் வாக்கெடுப்பு, முன்பள்ளிக் கிணற்றுக்கு மோட்டர் போட. வைபர் குழுவில் ஊரே ‘ஆம்’ போட்டதாகச் சொன்னது. முடிவு: நிராகரிக்கப்பட்டது! அப்புறம் ‘தள மேம்பாடு’ என்று இன்னொரு தீர்மானம் இரவோடிரவாக நிறைவேறி, நிதி முழுவதும் வேறு முகவரிக்கு (செயினில் இது கணக்கு இலக்கம் மாதிரி) போய்விட்டது.

வவுனியாவில் கம்ப்யூட்டர் படிக்கும் மருமகன் ஒப்பந்த முகவரியை, அதாவது சங்கத்தின் விதிகள் எழுதப்பட்ட நிரல் செயினில் இருக்கும் முகவரியை, எக்ஸ்புளோரர் என்ற செயின் பதிவுகளைக் காட்டும் தளத்தில் போட்டுக் காட்டினான். டோக்கன் வைத்திருப்போர் பட்டியலில் முதல் வரியிலேயே, ஒரே முகவரியிடம் 81 சதவீதம். ஊரே ‘ஆம்’ போட்டாலும் அது ஒன்றே தோற்கடிக்கப் போதும். புதிய டோக்கன் உருவாக்கும் அதிகாரமும் அதற்குத்தான். கணக்கை எவரும் அழிக்கவில்லை என்பது உண்மைதான். களவு போனது நிமிடக் கணக்கோடு அச்சொட்டாகப் பதிவாகியிருக்கிறது.

இப்படித் தலைவர் இல்லாத குழுக்களில் ஒழுங்காக நடந்ததும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் பழைய அச்சுப் பிரதியொன்றை ஏலத்தில் எடுக்க, 2021 நவம்பரில் கான்ஸ்டிடியூஷன்டாவோ என்ற குழு சுமார் 4.7 கோடி டொலர் திரட்டி, ஏலத்தில் தோற்றது. போட்ட காசை அவரவரே திரும்ப எடுக்க வழி இருந்தது. சிறுதொகை போட்டவர்களைப் பரிவர்த்தனைக் கட்டணம் கடித்தது வேறு கதை. எங்களுடையதில் அந்த வழியே எழுதப்படவில்லை.

யாராவது வந்தால் முதலில் ஒப்பந்த முகவரியைக் கேளுங்கள். டோக்கன் யாரிடம் குவிந்திருக்கிறது, காசை நகர்த்த ஒருவரின் சாவி (கையொப்பம் மாதிரியான இரகசியக் குறியீடு) போதுமா என்று தெரிந்தவர்களைக் கொண்டு பாருங்கள். மாதர் சங்கக் காசை எடுக்கவே இரண்டு கையொப்பம் வேண்டும். இதிலும் பல கையொப்பம் வைக்க வசதி உண்டு, எங்களுக்கு வைக்கவில்லை. மழுப்பினால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். ஏஜெண்டின் இலக்கம் வேலை செய்யவில்லை. அதே ஆட்கள் இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் வேறு பெயரில் கூட்டம் வைப்பதாகக் கேள்வி. அங்கே உங்கள் சொந்தக்காரர் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.