ஸ்லாக்கா, ஜூலிப்பா: பழைய உரையாடல்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்யும் எங்கள் சிறு வாடிக்கையாளர் ஆதரவுக் குழுவுக்கு ஓர் அலுவலக அரட்டைச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, கடைசிச் சுற்றில் நின்றவை ஸ்லாக்கும் ஜூலிப்பும். நாங்கள் ஜூலிப்பை எடுத்துச் சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். சேனல், தனிச்செய்தி, கோப்புப் பகிர்வு, தேடல், கைப்பேசிச் செயலி எல்லாம் இரண்டிலும் இருப்பதால் அவற்றை வரிசையிட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. தோற்ற மெருகிலும், கூகுள் டிரைவ், ஜிரா போன்ற பிற சேவைகளுடன் இணைவதிலும், ஹடில் என்ற உடனடிக் குரல் அழைப்பிலும் ஸ்லாக் தெளிவாக முன்னால் நிற்கிறது. ஜூலிப்பில் அழைப்புக்கு ஜிட்சி, ஸூம் போன்ற வெளிச் சேவையைத்தான் நாட வேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் சிக்கலை எப்படித் தீர்த்தோம் என்ற உரையாடல் நாளைக்கும் எங்கள் கைக்கு எட்டுமா?

இதற்கு விடை காண, இரு மென்பொருள்களும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபிளிக்கரை உருவாக்கி யாஹூவுக்கு விற்ற ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 2009இல் தொடங்கிய டைனி ஸ்பெக், அடிப்படையில் ஒரு விளையாட்டு நிறுவனம். அவர்களுடைய கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு 2011இல் வெளியாகி, போதிய ஆட்டக்காரர்கள் சேராமல் 2012 இறுதியில் மூடப்பட்டது. வெவ்வேறு நகரங்களில் பிரிந்திருந்த அந்தக் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையின் மேல் கட்டியிருந்த கருவி மட்டும் மிஞ்சியது. அதையே ஸ்லாக் என்ற பொருளாக்கி 2013 ஆகஸ்டில் முன்னோட்டமாக விட்டபோது, பயன்படுத்த அனுமதி கேட்டு முதல் நாளிலேயே 8,000 கோரிக்கைகள் வந்தன. 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். 2019 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தையில் நேரடியாகப் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தை 2,770 கோடி டாலருக்கு வாங்குவதாக 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வணிக மென்பொருள் நிறுவனம் அறிவித்து, 2021 ஜூலையில் கைமாற்றத்தை முடித்தது. பட்டர்ஃபீல்ட் 2023 தொடக்கத்தில் விலகிவிட்டார்.

இந்த வளர்ச்சியின் பின்னிருந்த உத்தி எளிமையானது. மேலிடத்தின் அனுமதியை எதிர்பார்க்காமல் ஏதேனும் ஒரு குழு இலவசமாகத் தொடங்கும். பேச்சு பெருகிப் பழைய செய்திகள் மறையத் தொடங்கும் கட்டத்தில் சந்தா கட்டும். தொடக்கத்தில் அந்த வரம்பு 10,000 செய்திகள். 2022 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு 90 நாள் என்ற கால வரம்பைக் கொண்டுவந்தார்கள். அதே நேரத்தில் புரோ என்ற சந்தாத் திட்டத்தின் கட்டணமும் முதன்முறையாக உயர்ந்து, ஆண்டுச் சந்தா கட்டுவோருக்கு ஆளொன்றுக்கு மாதம் 6.67 டாலராக இருந்தது 7.25 டாலர் ஆனது. மணிக்கணக்கில் பேசித் தள்ளும் குழுவுக்கு இந்த மாற்றம் ஒருவேளை லாபம். ஆனால் மாதம் நூறு செய்தி எழுதும் ஒரு தன்னார்வ அமைப்புக்கு 10,000 செய்தி என்பது எட்டு ஆண்டு நினைவு. அது ஒரே அறிவிப்பில் மூன்று மாதமாகச் சுருங்கியது. 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து இலவசத் திட்டத்தில் ஓராண்டைக் கடந்த செய்திகள் மறைக்கப்படுவதோடு நில்லாமல் அழிக்கப்படவும் செய்கின்றன.

சந்தா கட்டுபவருக்கு இந்தக் கவலை இல்லை என்பது உண்மை. அவர்களே நீக்கினாலொழிய செய்திகள் அப்படியே இருக்கும். ஆனால் ஆள் கூடக்கூடச் சந்தாவும் கூடும். நிறுத்திய மாதத்திலிருந்து இலவசத் திட்டத்தின் விதிகள் பொருந்தத் தொடங்கும். நம்முடைய பேச்சை நாமே படிப்பதற்கு மாதாமாதம் வாடகை கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. வெளியே எடுத்துக்கொண்டு போகலாமே என்றால், இலவசத் திட்டத்திலும் புரோ திட்டத்திலும் இயல்பாகக் கிடைக்கும் ஏற்றுமதியில் பொதுச் சேனல்கள் மட்டுமே அடக்கம். வாடிக்கையாளர் விவரங்களைப் பொதுச் சேனலில் பேசக்கூடாது என்று விதி வைத்திருக்கும் குழுவுக்கு முக்கியமான பேச்செல்லாம் தனிச் சேனல்களில்தான் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலிப்பும் கைமாறிய மென்பொருள்தான். டிம் ஆபட்டும் எம்ஐடியில் அவருடன் படித்த சிலரும் 2012இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை, பொதுவெளிக்கு முழுமையாக வருவதற்கு முன்பே, 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கியது. இப்படி வாங்கப்பட்டவை என்ன ஆகும் என்பதற்கு ஹிப்சாட் என்ற இன்னோர் அலுவலக அரட்டைச் செயலி நல்ல உதாரணம்: 2012இல் அதை வாங்கிய அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், 2018 ஜூலையில் அதன் அறிவுசார் சொத்தை ஸ்லாக்குக்கே விற்றுவிட்டு, 2019 பிப்ரவரியில் சேவையை மூடியது. ஜூலிப்பின் வளர்ச்சியும் டிராப்பாக்ஸுக்குள் முடங்கித்தான் போயிற்று. ஆனால் 2015 செப்டம்பரில் டிராப்பாக்ஸ் அதன் நிரல் முழுவதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் அபாச்சி உரிமத்தில் திறந்த மூலமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆபட் காண்ட்ரா லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதைத் தொடர்ந்தார். அந்த நிறுவனம் துணிகர முதலீடு வாங்கவில்லை. அதுவும் நாளை விற்கப்படாது என்று யாரும் உறுதி தர முடியாதுதான். ஆனால் சர்வரும் தரவுத்தளமும் நம்மிடம், நிரலோ திறந்த உரிமத்தில் என்னும்போது, அப்படி விற்கப்படுவதால் நம் பழைய செய்திகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்தப் பாதுகாப்பு சொந்த சர்வரில் நிறுவுவோருக்கே பொருந்தும். ஜூலிப்பின் இலவச மேகச் சேவையிலும் 10,000 செய்தி வரம்பு உண்டு.

செய்தி அழியாமல் இருந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்கவும் வேண்டும். ஜூலிப்பில் சேனலில் எழுதும் உரையாடல் ஒவ்வொன்றும் ஒரு தலைப்பின் கீழ் அமைகிறது. எங்கள் ‘ஜிஎஸ்டி’ சேனலில் ‘இ-இன்வாய்ஸ்: ஐஆர்என் வரவில்லை’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது (ஐஆர்என் என்பது மின்-விலைப்பட்டியலுக்கு அரசுத் தளம் தரும் எண்); இடையில் யாராவது விடுப்பு பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தச் செய்திகளை மட்டும் தேர்ந்து வேறு தலைப்புக்கு நகர்த்திவிடுகிறோம், சிக்கல் தீர்ந்ததும் ‘தீர்ந்தது’ என்று குறித்தால் தலைப்பின் முன் டிக் விழுகிறது. பல மாதம் கழித்து அதே பிழை வேறொரு வாடிக்கையாளரிடம் தலைகாட்டும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கூட அந்த ஒரு தலைப்பை மேலிருந்து கீழாகப் படித்தால் போதும். ஒரு செய்திக்கான பதில்களை அதன் கீழேயே தொடுக்கும் இழை வசதி ஸ்லாக்கிலும் 2017 முதல் உண்டு என்றாலும், இழையில் பதில் சொல்வது அவரவர் ஒழுக்கத்தைப் பொறுத்தது. பாதிப் பதில் இழையிலும் பாதி வெளியிலுமாகச் சிதறுவது வழக்கம். தலைப்பு இட்டு எழுதும் பழக்கத்துக்குப் புதியவர்கள் முதலில் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

பராமரிப்பு இதன் விலை. நூறு பேருக்குக் குறைவான குழுவுக்கு 2 ஜிபி ரேம் உள்ள உபுண்டு சர்வர் போதும். நிறுவுவதும் அப்டேட் செய்வதும் பெரிய வித்தையில்லை. தரவுத்தளம், கோப்புகள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் பேக்கப் எடுக்கலாம். ஆனால் அதை மீட்டெடுக்கும் சர்வரில் ஜூலிப்பின் அதே பதிப்பு இருக்க வேண்டும் என்பதையும், பேக்கப் கோப்பு வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்துக்கொண்டு செய்ய ஓர் ஆள் வேண்டும். கைப்பேசி நோட்டிஃபிகேஷன் மட்டும் ஜூலிப் நிறுவனத்தின் சேவை வழியாகவே வருகிறது. பத்துப் பேர் வரை அது இலவசம், அதற்கு மேல் வணிக நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். எங்கள் அனுபவம் சிறு குழுவுக்குரியது. சில நூறு பேர் ஒரே நேரத்தில் புழங்கும் இடத்தில் இந்தப் பராமரிப்பு எவ்வளவு கனக்கும் என்பதை அங்கே செய்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இவை தவிர வேறு இரண்டு அரட்டைச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவுடன் டீம்ஸையும் சேர்த்து ஏற்கெனவே வாங்கியிருக்கும் நிறுவனம் வேறு எதையும் தேட வாய்ப்பில்லை. இந்தச் சேர்த்து விற்பனையை எதிர்த்துத்தான் ஸ்லாக் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. சென்னையில் வேர்கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் கிளிக் (Cliq) செயலியை, ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் விருந்தினராக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஸோஹோ பங்குச் சந்தைக்குப் போகாத நிறுவனம் என்பது என் அளவுகோலில் அதற்குச் சாதகம்தான், ஆனால் அந்தச் சிறு பழக்கத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமாகாது.

சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழுவும், வெளி நிறுவனங்களோடு சேனல்களைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் குழுவும் ஸ்லாக்கிலேயே சந்தா கட்டி இருப்பது நல்லது. மாற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்லாக் தரும் ஏற்றுமதித் தொகுப்பில் செய்திகள் ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பு வடிவில் இருக்கும், இணைத்த கோப்புகளுக்கோ சுட்டிகள் மட்டுமே இருக்கும். ஜூலிப்பின் இறக்குமதிக் கருவி அந்தச் சுட்டிகளின் வழியாகவே கோப்புகளைத் தரவிறக்குகிறது என்பதால், இறக்குமதி முடிந்து சில பழைய படங்களைத் திறந்து பார்க்கும் வரை ஸ்லாக் கணக்கை மூடக்கூடாது. வந்து சேரும் பழைய செய்திகளில் பெரும்பகுதி சேனலுக்கு ஒரே தலைப்பின் கீழ்தான் குவிந்து கிடக்கும். அவற்றில் தேவையானவற்றைப் பிரித்துத் தலைப்பிடும் வேலையை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.