ஏழு வருடமாக 'ஸீ'யோடு குடித்தனம்

சலவை இயந்திரம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. புதிய பம்பு போட்டிருக்கிறார்கள். பம்புக்கான செலவில் எனக்குப் புகார் இல்லை. ஆள் வந்து திரும்பிப் போனதற்கு வீணாகக் கட்டிய வருகைக் கட்டணத்தில்தான் புகார். அதுவும் பழுதுபார்க்க வந்தவர்கள் மீதல்ல, ஜெர்மன் மொழி மீது.

அதே வாரம்தான் அக்கா மகன் கோவையிலிருந்து கேட்டிருந்தான்: "மாமா, ஜெர்மன் தொடக்க நிலை, அதாவது ஏ1 வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இந்த டேர், டீ, டஸ் எல்லாம் எத்தனை நாளில் பழகும்?" ஷ்டுட்கார்ட்டில் ஏழு வருடமாக இந்த மொழியை அன்றாடம் உபயோகிப்பவன் என்ற தகுதியில் அவனுக்கு எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இது. பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொலைபேசியில் ஒரு பெண்மணி, "ஸீ கொமன் அம் டொனர்ஸ்டாக்" என்றார். வியாழக்கிழமை வருவது புரிந்தது. வருவது யார்? 'ஸீ' என்றால் அவள். 'ஸீ' என்றால் அவர்கள். 'ஸீ' என்றால் மரியாதையான நீங்கள். 'ஸீ கொம்ட்' என்றிருந்தால் அவள் வருகிறாள் என்று வினை காட்டிக்கொடுத்திருக்கும். 'கொமன்' என்றதால் மிச்சம் இரண்டு. உத்தரவாதச் சீட்டோடு என்னை வரச் சொல்கிறார்கள் போலும் என்று நான் வியாழன் காலை கிளம்பி அவர்கள் கடைக்குப் போனேன். அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மணியடித்துப் பார்த்து, தபால் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எழுத்தில் 'நீங்கள்' என்பதற்குப் பெரிய எழுத்து போடுவார்களாம். வாக்கியத்தின் முதல் சொல்லானால் எல்லாமே பெரிய எழுத்துதான். காதுக்கோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எதுவும் கிடையாது.

இரண்டாம் முறை வந்தவர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து, "ஸீ இஸ்ட் அல்ட்" என்றார். இயந்திரம் இங்கே பெண்பால். "அவள் பழசாகிவிட்டாள்" என்றுதான் என் மனம் பெயர்த்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவியின் மனமும் அப்படியே பெயர்த்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பால் விவகாரத்துக்கு வருகிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, ஒன்றன்பாலுக்கு டஸ் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொள். தேநீர் ஆண்பால், பால் பெண்பால், சர்க்கரை ஆண்பால், தண்ணீர் ஒன்றன்பால், ஊற்றிய கோப்பை மறுபடி பெண்பால். குடிப்பதற்குள் ஆறிவிடும். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் பெண்பால், 'ஷென்' என்று முடிந்தால் ஒன்றன்பால் என்ற வாய்பாடுகள் உண்மையிலேயே உதவும். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். கரண்டி, முள்கரண்டி, கத்தி மூன்றுக்கும் மூன்று பால் இருப்பதற்கு எந்த வாய்பாடும் உதவாது. பெயரோடு சேர்த்தே டேரையும் டீயையும் படிப்பது ஒன்றுதான் வழி. படித்தாலும், பாடப்புத்தகத்தில் பெண்பாலாக இருந்த வெண்ணெயை எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஆண்பாலாகச் சொல்வார். ஷ்வாபிய வட்டார வழக்கு அது. திருத்தப் போய்விடாதே, நான் போனேன்.

பெயரோடு முடிந்தால் பரவாயில்லை. சாவி ஆண்பால் என்பதால் "சாவி எங்கே?" என்ற கேள்விக்கு, "ஏர் மேசைமேல் இருக்கிறான்" என்கிற தோரணையில் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடம் எனக்கு வாயில் 'அது' என்று பொருள்படும் 'எஸ்' தான் வந்தது. உயிரில்லாததெல்லாம் 'அது' என்று ரத்தத்தில் ஊறியவனுக்கு வேறு எது வரும்?

ஆனால் இதைச் சொல்லும்போதே மனசாட்சி உறுத்துகிறது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' ஒன்றன்பால் என்று வகுப்பில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? குழந்தை அழுகிறது, குழந்தை தூங்கிவிட்டது. தூங்கிவிட்டாள் என்பதில்லை. ஜெர்மனில் குழந்தை 'டஸ் கிண்ட்', அதுவும் 'எஸ்' தான். சிரித்தது தப்பு.

'ஸீ'யும் அப்படித்தான் என்னை ஒருநாள் மடக்கியது. எதிரில் நிற்பவரை 'அவர்கள்' என்று விளிப்பது என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'தாங்கள் நலமா' என்று தொடங்கி, பேனாவை வைத்துவிட்டேன். தாம், தாங்கள் என்பவை படர்க்கைச் சொற்கள். அவர்கள் தாங்களே சமைத்தார்கள் என்கிறோமே, அந்தத் தாங்கள். அதைத் தூக்கி முன்னிலையில் வைத்து மரியாதை ஆக்கியவர்கள் நாம். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே குறுக்குவழியில் போயிருக்கின்றன. அன்று முழுவதும் எனக்கு இந்த மொழியின் மேல் ஒரு சொந்தக்காரப் பாசம் இருந்தது. அலுவலகத்தில் எவரையும் 'டூ' என்று ஒருமையில் அழைக்கும்முன், மூத்தவர் அனுமதிக்கட்டும் என்று காத்திருப்பது நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்தத் தயக்கம் நமக்குப் பிறவியிலேயே உண்டு.

குறை இன்னும் இரண்டு. 'வந்தேன்' என்றால் நமக்குப் போதும். இங்கே வினைக்கு விகுதி இருந்தாலும் 'நான்' என்று பொருள்படும் 'இஷ்' என்ற எழுவாயை விடக்கூடாது. மழைக்குக்கூட ஓர் 'எஸ்' வேண்டும். பெய்வது யார் என்று ஆசிரியையைக் கேட்டேன்; அவர் ஜன்னலைக் காட்டினார். மற்றது 'வீர்'. நாமும் அதுதான், நாங்களும் அதுதான். "வீர் சாப்பிடப் போகிறோம்" என்று சக ஊழியர்கள் எழும்போது நானும் எழுவதா, உட்கார்ந்திருப்பதா? ஏழு வருடமாகப் பாதி எழுந்த நிலையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

கண்ணா, உனக்கு என் பதில்: பணத்தைத் திருப்பித் தருவார்களானால் வாங்கிக்கொண்டு வேறு மொழி படி. எனக்கு இனி செவ்வாய், வியாழன் மாலைகளில் தொலைபேசி செய்யாதே. சி1 என்ற உயர்நிலை ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், கட்டணம் முழுவதும் கட்டியாயிற்று.