மிரளும் குதிரைக்கு எது ஏற்றது: அமைதியூட்டும் பொடியா, தீவன மாற்றமா?

காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பக்கவாட்டில் எகிறிக் குதிக்கும் குதிரையை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெக்னீசியம், டிரிப்டோபேன், வைட்டமின் பி1, மூலிகைகள் போன்றவற்றைக் கலந்து விற்கப்படும் அமைதியூட்டிப் பொடியைத் தினமும் தீவனத்தில் சேர்ப்பது முதல் வழி. பொடி எதுவும் இல்லாமல் தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைக் கூட்டி, குதிரையை லாயத்துக்கு வெளியே அதிக நேரம் விடுவது இரண்டாவது. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் இரண்டாவதில் நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அசெப்ரோமசின் போன்ற மயக்கமூட்டும் மருந்துகள் கால்நடை மருத்துவரின் முடிவுக்கு உரியவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. மூலிகைகளையும் விரைவாகக் கடந்துவிடலாம். வலேரியன் வேரில் உள்ள வலேரினிக் அமிலம் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருப்பதால், போட்டிக்குச் செல்லும் குதிரைக்கு அது ஆகாது. உறையின் மேல் ‘இயற்கையானது’ என்று அச்சிட்டிருப்பது பரிசோதனைக் கூடத்தில் எடுபடாது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம், மனநிலையைச் சீராக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளாக மூளையில் மாறும் என்பதே அதன் விற்பனைக்கான வாதம். ஆனால், குறைந்த அளவில் அது குதிரைக்கு லேசான கிளர்ச்சியையே உண்டாக்கக்கூடும் என்றும், மிகப் பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுத்தால் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும் என்றும் 2005-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று எச்சரித்தது. பி1 வைட்டமினைப் பொறுத்தவரை, நல்ல புல் தின்னும் குதிரைக்கு அது தீவனத்திலிருந்தும் பெருங்குடலின் நுண்ணுயிர்களிடமிருந்தும் கிடைத்துவிடுகிறது.

எஞ்சியிருக்கும் உண்மையான போட்டியாளர் மெக்னீசியம்தான். அதன் குறைபாட்டால் நரம்புத் துடிப்பும் தசை நடுக்கமும் வரும் என்பது உண்மை. மெக்னீசியம் ஆஸ்பார்டேட் கொடுத்த குதிரைகள் திடுக்கிட்டு ஓடும் வேகம் குறைந்ததாக, ஆஸ்திரேலியாவில் மிகச் சில குதிரைகளைக் கொண்டு செய்த ஆய்வும் உண்டு. இவற்றை வைத்துப் பொடி வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். என் முடிவைத் தீர்மானித்ததும் இந்தக் கணக்குதான்.

500 கிலோ எடையுள்ள, வேலை எதுவும் செய்யாத குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.5 கிராம் மெக்னீசியம் தேவை என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் வெளியிட்ட அட்டவணை கூறுகிறது. மிகக் கடுமையாக உழைக்கும் குதிரைக்குக்கூட அது 15 கிராம் அளவில்தான் நிற்கிறது. 0.2 சதவீதம் மெக்னீசியம் உள்ள உலர்புல்லை அந்தக் குதிரை நாளொன்றுக்கு 10 கிலோ தின்றால், புல்லிலிருந்து மட்டுமே 20 கிராம் உள்ளே போகிறது. குறையே இல்லாத இடத்தில் குறையைத் தீர்க்கும் பொடிக்கு என்ன வேலை இருக்க முடியும்? மிஞ்சியது சிறுநீரில் வெளியேறும், கூடிப்போனால் சாணம் இளகும். போதாக்குறைக்கு, மெக்னீசியம் ஆக்சைடின் சுவை பல குதிரைகளுக்குப் பிடிப்பதில்லை. உதட்டாலேயே தானியத்தைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு, பொடியை வாளியின் அடியில் ஈரத்தோடு ஒட்டிய வெள்ளைப் படிவமாக விட்டுவிடும் குதிரைக்கு உரிமையாளர் எத்தனை கரண்டி போட்டார் என்பது பொருட்டே அல்ல. புல்லைச் சோதனைக்கு அனுப்பி, மெக்னீசியம் உண்மையிலேயே குறைவு என்று தெரியவந்தால் மட்டும் பொடியின் பக்கம் நியாயம் இருக்கிறது.

தீவன மாற்றத்தில் கவனிக்க வேண்டியது மாவுச்சத்து. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 500 கிலோ குதிரைக்கு இது ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான ஓட்ஸில் முடிந்துவிடுகிறது. பல லாயங்களில் இதைவிட இரு மடங்கு அளந்து போட்டுவிட்டு, அதே குதிரையின் துள்ளலைக் குறைக்கப் பொடியும் வாங்குகிறார்கள். உழைப்புக்கு ஏற்ற ஆற்றல் குறையுமென்றால், அதன் ஒரு பகுதியை எண்ணெயாகக் கொடுக்கலாம்.

இதைவிட முக்கியமானது மெல்லும் நேரம். குதிரையின் இரைப்பை இரவு பகலாக அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது, அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கிறது. ஒரு கிலோ ஓட்ஸைப் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் குதிரை, ஒரு கிலோ உலர்புல்லுக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நாளில் பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வரக்கூடும். சேணத்தின் வயிற்றுவார் இறுக்கப்படும்போது அது காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வந்தால், நாம் ‘படபடப்பு’ என்று பெயர் வைத்திருப்பது வலியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குதிரைக்குப் பொடி வேலை செய்யாவிட்டால் பணம் மட்டுமே நட்டம். வேலை செய்துவிட்டால் நோய் கண்ணுக்கு மறைந்துவிடும். எண்டோஸ்கோப்பி (இரைப்பைக்குள் குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்ப்பது) செய்து பார்க்காமல் எந்த அமைதியூட்டியையும் தொடங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்த வழியின் சுமையையும் சொல்லத்தான் வேண்டும். சிறு கண்ணுள்ள வலைப்பைகளில் இரவுக்கும் புல் கட்டித் தொங்கவிட ஆள் வேண்டும், மேய்ச்சலுக்கு இடம் வேண்டும், கூட நிற்க இன்னொரு குதிரையும் வேண்டும். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரும் என்பதால் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். பொடிக்கு ஒரு கரண்டி போதும். மேலும், வண்டியில் ஏறவே அஞ்சும் குதிரையின் பயத்தைத் தீவனம் போக்கிவிடாது. அதற்குப் பொறுமையான பயிற்சிதான் வேண்டும். பால் புரதத்திலிருந்து எடுக்கப்படும் ஆல்ஃபா-காசோசெபைனை அத்தகைய பயிற்சிக் காலத்தில் துணையாகக் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு குதிரையிடம் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருப்பதால், அந்தக் குதிரையின் இறுக்கம் சற்றுத் தளர்ந்தது என்பதற்கு மேல் நான் சாட்சி சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பொடியைச் சோதிக்க விரும்புகிறவர்கள், வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் சேர்க்க வேண்டும். எந்த வாரம் பொடி, எந்த வாரம் வெறும் தவிடு என்பது தீவனம் கலப்பவருக்கு மட்டும் தெரியட்டும். சவாரி செய்பவர் நாள்தோறும் குதிரையின் நடத்தையைக் குறித்துவைத்துக் கடைசியில் ஒப்பிட வேண்டும். பொடி போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் லகானைத் தளர்த்திப் பிடிக்கும் கையே குதிரையை அமைதிப்படுத்துவது உண்டு. அப்படியானால் தவிட்டு வாரங்களிலும் குதிரை அதே அளவு அமைதியாகத்தான் இருக்கும்.