“கிரிம்ப் நீக்கியது” என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய 2,000 பித்தளைக் கூடுகள்

அமெரிக்காவில், குறிப்பாக நான் வசிக்கும் டெக்சஸில், சுடுதளப் பயிற்சிக்கான தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் இணைய விற்பனையாளர் ஒருவரிடம் 140 டாலர் கொடுத்து 9 மி.மீ. பித்தளைக் கூடுகள் 2,000 வாங்கினேன். ஒரே முறை சுடப்பட்டவை, வகை பிரித்தவை, ராணுவக் கூடுகளில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியை இறுக்கியிருக்கும் கிரிம்ப் என்ற வளையம் நீக்கப்பட்டவை என்று விளம்பரத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பொன்போலப் பளபளத்ததால் நானும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் புரோகிரசிவ் பிரஸ்ஸில் (கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பல கூடுகளில் வெவ்வேறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் நிரப்பும் கருவி) ஏற்றிவிட்டேன். அது என் தவறு.

நாற்பது கூடுகள் கூட முடியவில்லை, புதிய பிரைமரை அழுத்தும்போது கைப்பிடி இறுகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் குழியின் விளிம்பில் கிரிம்ப் வளையம் அப்படியே இருந்தது. பிரைமர் ஒருபுறம் சாய்ந்து நசுங்கியிருந்தது. இன்னும் பலம் கொடுத்திருந்தால் அது வெடித்திருக்கக்கூடும்.

ஆனால் என்னை நடுங்க வைத்தது அடுத்து நடந்ததுதான். என் பிரஸ்ஸில் கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். கெட்ட கூட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, தட்டைத் திருப்பாமலே கைப்பிடியை மீண்டும் இழுத்தபோது, பக்கத்து நிலையில் ஏற்கெனவே மருந்து வாங்கியிருந்த கூட்டில் இரண்டாம் முறையும் மருந்து விழுந்தது. வழக்கமாகக் கூட்டின் பாதி உயரத்துக்குக் கீழே தெரியும் மருந்து வாயருகே தெரியவே தராசில் கொட்டிப் பார்த்தேன்; சரியாக இரண்டு மடங்கு. அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி கையிலேயே சிதறியிருக்கலாம். பிரஸ் எதற்காக நின்றாலும், மருந்து விழுந்த கூட்டை முதலில் வெளியே எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

அன்றிரவு மீதியைப் பழைய வேட்டியில் பரப்பி, அடிப்பகுதி முத்திரையைப் பார்த்துப் பிரித்தேன். கிரிம்ப் உள்ளவை 61. அடியில் .380 என்று பொறித்த, வேறு வகைத் தோட்டாவின் கூடுகள் பதினேழு. நமக்கு வேண்டிய 9 மி.மீ. கூடு 19.15 மி.மீ. நீளம், இவை ஏறக்குறைய 17.3 மி.மீ. மட்டுமே என்றாலும், கும்பலில் கண் ஏமாந்துவிடும். நடுவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் கொண்ட பெர்டன் வகை 3. பிரைமரைத் தள்ளும் ஊசியை வளைப்பவை இவைதான். விரிசல் விட்டவற்றைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல, நாலைந்தை உள்ளங்கையில் குலுக்கினால் நல்லவை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும்.

விற்பனையாளரிடம் முறையிட்டதற்கு, மூட்டை பிரித்தபின் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரம் விளம்பரத்தில் “கிரிம்ப் நீக்கியது” என்ற சொற்களையே காணவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கவில்லை. நீங்கள் வாங்கும் முன் எடுத்து வையுங்கள். மூட்டை பிரிப்பதற்கு முன்பே மாதிரிக்கு ஐம்பது கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விரிசல் விட்டவற்றையும் பெர்டன் கூடுகளையும், வேறு யார் கையிலும் சிக்கிவிடாதபடி இடுக்கியால் நசுக்கிப் பழைய உலோகக் கடையில் போட்டுவிட்டேன்.