மந்திரம் பலிக்காத கணக்கு: ஒரு மேஜுடன் ஐந்து ஆண்டுகள்

2019 செப்டம்பரில் ஓர் இரவு, டஸ்க்வுட் காட்டிலுள்ள ரேவன் ஹில் கல்லறைத் தோட்டத்தில் மோர்லாடிம் என்ற எலும்புக்கூடு என்னை நான்கு முறை கொன்றது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக் வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. என் பாத்திரமான மேஜ், அதாவது மந்திரவாதி, அப்போது 30ஆம் லெவல். மோர்லாடிம் 35, அதிலும் சாதாரண எதிரிகளைவிட வலுவான எலீட் வகை. தூரத்திலேயே உறைய வைத்து அடித்துவிடலாம் என்பது என் திட்டம். ஃப்ராஸ்ட்போல்ட் என்ற பனி மந்திரம் முதல் முறை பட்டது. இரண்டாவது எறிந்தபோது திரையில் ‘ரெசிஸ்ட்’ என்ற சொல், அதாவது மந்திரம் பலிக்கவில்லை. மூன்றாவதற்கும் அதே சொல். பக்கத்தில் வந்துவிட்டதே என்று சுற்றி நிற்பவற்றை உறைய வைக்கும் ஃப்ராஸ்ட் நோவாவைப் போட்டால் அதற்கும் ‘ரெசிஸ்ட்’. ஆடாக மாற்றும் பாலிமார்ஃப் மந்திரம் செத்துப் பிழைத்தவற்றிடம் செல்லாது. மனிதர்களிடமும் விலங்குகளிடமும்தான் செல்லும். ஆக, கையில் மிச்சமிருந்தது ஓடுவது மட்டுமே. அதிலும் நான் தோற்றேன்.

நான்காவது முறை செத்த பிறகு அறிவு கூடினால் மந்திரம் பலிக்கும் என்று முடிவு செய்தேன். ஏலக் கடைக்குப் போய், இன்டலெக்டும் ஸ்பிரிட்டும் கூட்டித் தரும் ‘ஆஃப் த அவுல்’ வகை உடைகளாக வாங்கிக் குவித்தேன். கையிருந்த வெள்ளிக்காசு முழுவதும் போயிற்று. மந்திரத்துக்குச் செலவாகும் மானா பெருகியதே தவிர மந்திரம் பிசகுவது ஒரு துளியும் குறையவில்லை. இன்டலெக்டுக்கும் மந்திரம் எதிரியின் மேல் படுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கில்டில், அதாவது எங்கள் விளையாட்டுக் குழுவில், சாபம் போடும் வார்லாக் வகைப் பாத்திரம் ஆடும் ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மந்திரத்தின் ரேங்குக்கும், அதாவது படிநிலைக்கும், தொடர்பில்லை. பழைய, மலிவான ரேங்க் ஒன்றை எறிந்தாலும், புதிதாகக் கற்றதை எறிந்தாலும் படும் வாய்ப்பு ஒன்றுதான்.

கணக்கில் முதலில் வருவது லெவல் வித்தியாசம். நமக்குச் சமமான லெவலில் இருக்கும் எதிரியிடம் 100க்கு 4 மந்திரங்கள் பிசகும். ஒரு லெவல் மேலே என்றால் 5, இரண்டு என்றால் 6. மூன்றாவது படியில்தான் கால் வழுக்குகிறது: 17. அதன் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் 11 கூடும். நான்கு லெவல் மேலே என்றால் 28, ஐந்து என்றால் 39. மோர்லாடிம் எனக்கு ஐந்து லெவல் மேலே. ஐந்து மந்திரம் எறிந்தால் ஏறக்குறைய இரண்டு காற்றில் போகும் இடத்தில் நான் ‘இன்று நேரம் சரியில்லை’ என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே இறங்கினால் கணக்கு நமக்குச் சாதகம்: ஒரு லெவல் கீழே 3, இரண்டு கீழே 2, மூன்று கீழே 1. அந்தக் கடைசி 1 மட்டும் எந்த உடையாலும் எந்தத் திறனாலும் போகாது.

பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் ரெய்டில் இதே கணக்கு இன்னும் கடுமையாகிறது. 60ஆம் லெவலோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் மண்டையோட்டுச் சின்னம் போட்ட பாஸ் என்ற தலைமை எதிரிகளுக்கு ஆட்டம் 63 என்று கணக்கு வைத்திருக்கிறது. நாம் வளரவே முடியாத அந்த மூன்று லெவல் சரியாக வழுக்கும் படியில் இருக்கிறது. எனவே 17. அதில் 1 அசையாது என்பதால் நாம் ஈடுகட்ட வேண்டியது 16. எலிமென்டல் பிரிசிஷன் என்ற திறனில் மூன்று புள்ளி போட்டால் நெருப்புக்கும் பனிக்கும் 6 கிடைக்கிறது. மீதி 10ஐ உடையிலிருந்துதான் திரட்ட வேண்டும். நிழல் மந்திரம் பயிலும் பிரீஸ்ட் வகைப் பாத்திரத்துக்குத் திறனிலிருந்தே 10 வருவதால் உடையிலிருந்து 6 போதும். ஒரே ரெய்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே மோதிரத்தின் மதிப்பு வேறுபடுவது இதனால்தான். இது புரியாமல் எங்கள் கில்டில் நடந்த மோதிரச் சண்டைகளைப் பற்றி எழுதினால் தனிப் புராணம் ஆகிவிடும்.

அந்த 10இன் அருமை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். திறன் போட்ட ஃப்ராஸ்ட்போல்ட்டை முடிக்க இரண்டரை விநாடி ஆகிறது. மூன்று நிமிடச் சண்டையில் 72 முறை எறியலாம். உடையில் ஹிட், அதாவது மந்திரம் படும் வாய்ப்பைக் கூட்டும் பண்பு, எதுவும் இல்லையென்றால் பிசகும் வாய்ப்பு 11 சதவீதம், அதாவது எட்டு மந்திரங்கள் வீண். மானாவும் வீண், நேரமும் வீண். பத்தையும் திரட்டிவிட்டால் மீதி அந்த அசையாத 1தான். அப்போதும் 72 எறிதலில் ஒன்றாவது பிசகுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முழுமையாக உடை சேர்த்தவன்கூட வாரத்துக்கு ஒருமுறை ‘ரெசிஸ்ட்’ பார்த்துத் திட்டுவதற்கு இதுவே காரணம். 300 அளவுக்கு மந்திர வலிமை இருந்த காலத்தில் நான் போட்ட கணக்குப்படி ஒரு சதவீத ஹிட் சுமார் 10 மந்திர வலிமைக்குச் சமம். ஆனால் 16ஐத் தாண்டிய மறு நொடியே அதன் மதிப்பு சுழி. 17 வரை திரட்டிவிட்டுப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

2020 ஏப்ரலில் சுல்குரூப் என்ற ரெய்டு திறந்ததும் தையல் கற்றவர்களுக்கு யோகம் அடித்தது. பிளட்வைன் என்ற மூன்று உடைகளில் மேல்சட்டைக்கு 2, கால்சட்டைக்கும் காலணிக்கும் தலா 1 என்று மொத்தம் 4 சதவீத ஹிட். முதன்முதலாக அதை மாட்டிக்கொண்டு ரெய்டுக்குப் போன இரவு, போர்ப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிசகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணினேன். சிவப்புத் துணியில் என் மேஜ் பார்க்கச் சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னது மந்திரம் படுமா படாதா என்பது மட்டும். கிளாசிக்கில் எனக்கிருந்த பெரிய குழப்பம் ‘ரெசிஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருப்பது. லெவல் வித்தியாசத்தால் பிசகினாலும் அந்தச் சொல்தான். எதிரிக்கு அந்த வகை மந்திரத்தின் மேல் எதிர்ப்புச் சக்தி இருந்து தடுத்தாலும் அதே சொல்தான். முதலாவதற்கு மருந்து ஹிட். இரண்டாவதற்கு ஹிட் எந்த உதவியும் செய்யாது. இந்த வித்தியாசம் மண்டையில் ஏற எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

எதிர்ப்புச் சக்தியில் இன்னொரு நுணுக்கம். ஃபயர்பால் போன்றவை எதிர்ப்பில் மோதினால் அடி கால், அரை, முக்கால் என்று குறைந்து விழும். ஃப்ராஸ்ட்போல்ட் எதிரியின் வேகத்தையும் குறைப்பதால் அதற்கு அரைகுறை கிடையாது. ஒன்று முழுதாகப் படும், அல்லது முழுதாகத் தடைபடும். மூன்று லெவல் உயர்ந்த பாஸிடம் லெவலுக்கு 8 வீதம் 24 புள்ளி எதிர்ப்பு தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு மேஜுக்கு அது சராசரியாக 6 சதவீத அடியைத் தின்றுவிடும். எந்தச் சாபமும் அதைக் கரைக்காது. எதிரியின் சொந்த எதிர்ப்பை மட்டும் குறைக்கலாம். வார்லாக்கின் கர்ஸ் ஆஃப் எலிமென்ட்ஸ் நெருப்பு, பனி எதிர்ப்பில் 75 புள்ளியைக் கழித்து, அவற்றின் சேதத்தை 10 சதவீதம் கூட்டும். அந்தச் சாபத்தைப் போட மறந்த வார்லாக்கிடம் நாங்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எதிர்ப்பையும் தாண்டி ‘இம்யூன்’ என்ற சுவர் இருக்கிறது. மோல்டன் கோர் ரெய்டில் ராக்னராஸ் நெருப்பே உருவானவன். அவன்மேல் ஃபயர்பால் எறிவது கடலில் தண்ணீர் ஊற்றுவது போல. பேரன் கெடனும் அப்படியே. அங்கே மேஜ்கள் எல்லாரும் பனிக்கு மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான அனுபவம் பிளாக்விங் லேர் ரெய்டில். அங்குள்ள டெத் டேலன் காவலர்களுக்கு ஏதேனும் ஒரு வகை மந்திரம் அளவுக்கு மீறி உறைக்கும். எந்த வகை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதுவரை பயனற்றது என்று மந்திரப் பட்டியலின் மூலையில் தள்ளியிருந்த டிடெக்ட் மேஜிக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். க்ரோமாகஸ் என்ற இரட்டைத் தலை நாய்க்கோ சண்டை நடக்கும்போதே அந்தப் பலவீனம் மாறிக்கொண்டிருக்கும். தோல் மினுங்கியது என்று அறிவிப்பு வந்ததும் பலவீனம் நெருப்பா பனியா என்று கத்திக் கேட்டபடி எறிந்த அந்த நிமிடங்கள்தான் இந்த ஐந்து ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை.

இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும் என்பது ஆன் கிராஜ் கோவில் ரெய்டில் விளங்கியது. ஹூஹூரன் என்ற பாஸ் தன்னருகே இருக்கும் 15 பேர் மீது விஷத்தைப் பொழியும். 63ஆம் லெவல் எதிரி அடிக்கும்போது நம்மிடம் 315 புள்ளி எதிர்ப்பு இருந்தால் அடியில் சராசரியாக 75 சதவீதம் குறையும், அதுவே உச்சவரம்பு. அந்த 15 பேர் விஷத்தை எதிர்க்கும் பச்சை உடையைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். மேஜ்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

உடையும் எண்களும் சரியாக இருந்தும் மந்திரம் முறியும் இடங்கள் உண்டு. அடி வாங்கினால் வார்ப்புப் பட்டை பின்னுக்குத் தள்ளப்படும், ஓர் அடி நகர்ந்தால் அறுந்துவிடும், தூண் மறைத்தால் தொடங்கவே தொடங்காது. இன்னொரு மேஜ் கவுன்டர்ஸ்பெல் போட்டுவிட்டால் 10 விநாடிக்கு அந்த வகை மந்திரம் முழுவதும் பூட்டு. நான் விளையாடியது ஐரோப்பிய சர்வரில், வீட்டிலிருந்து தாமதம் 180 மில்லிவிநாடி. மழை பெய்தால் அது 400ஐத் தொடும். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். முன்கூட்டியே அடுத்த மந்திரத்தை அழுத்தி வரிசையில் நிறுத்தப் பழகியதால் ஓரளவு தப்பித்தேன்.

விளையாட்டின் அடுத்த தொகுப்புகளில் ஹிட்டுக்குச் சதவீதம் போய்ப் புள்ளி வந்தது. 2021இல் பர்னிங் க்ரூசேடில் 12.6 புள்ளிக்கு ஒரு சதவீதம், திறன் இல்லாதவர்களுக்கு இலக்கு 202, என் நெருப்பு மேஜுக்கு 164. 2022இல் லிச் கிங்கில் 26.23 புள்ளிக்கு ஒன்று. அங்கேதான் அந்த அசையாத 1 அசைந்தது. 17ஐயும் ஈடுகட்டலாம், இலக்கு 446. திறனில் 3, நிழல் பிரீஸ்ட் உடனிருந்தால் 3 எனக் கழித்து, ஆர்கேன் மேஜுக்கு 289. குழுவில் ட்ரெனாய் இனப் பாத்திரம் ஒன்று இருந்தால் 263. கிளாசிக் அல்லாத மூலப் பதிப்பில் 2014இல் இந்த ஹிட் என்ற அம்சத்தையே எடுத்துவிட்டார்கள். சுமை குறைந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கோ குழம்பில் புளியை எடுத்துவிட்டது போல இருக்கிறது.

2023 ஆகஸ்டில் ஹார்ட்கோர் சர்வர்கள் வந்தன. அங்கே ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. அங்கே என் முதல் மேஜ் 18ஆம் லெவலில் ரெட்ரிட்ஜ் ஏரிக்கரையில் மர்லாக் என்ற வகை எதிரிகள் இரண்டிடம் மாட்டினாள். இரண்டும் அவளுக்குச் சமமான லெவல். ஃப்ராஸ்ட் நோவாவில் ஒன்று உறைந்தது. இன்னொன்றின் தலைமேல் ‘ரெசிஸ்ட்’. தலா 4 சதவீதம் என்றால் இரண்டில் ஒன்றாவது தப்பிக்க ஏறக்குறைய 8 சதவீத வாய்ப்பு. ஆனால் நான் உயிர் கால்வாசிக்குக் குறையும்வரை நோவாவைப் போடாமல் வைத்திருந்தேன்.

இப்போது விளையாடும் மேஜ் 41ஆம் லெவலைத் தொட்டிருக்கிறாள். இரண்டு லெவல் கீழே உள்ளவற்றோடுதான் மோதுகிறாள், அதனால் அனுபவப் புள்ளி மெதுவாகத்தான் ஏறுகிறது. உயிர் பாதிக்கு மேல் இருக்கும்போதே நோவா. அந்தச் சொல் வருகிறதா என்று திரையைப் பார்க்கும் அரை விநாடியில் என் விரல் சட்டென்று தாவித் தப்பிக்கும் பிளிங்க் மந்திரத்தின் பொத்தான்மேல் இருக்கிறது.