பிளாஸ்மா நாசில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால்

சேலத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர்கள், அதிலும் தகட்டில் பூ, இலை என்று டிசைனைத் துளையாக வெட்டும் ஜாலி கட்டிங் எடுத்துச் செய்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பதினெட்டாயிரம் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. போனது பதினெட்டாயிரத்தோடு நிற்கவில்லை.

என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் டிசைன்படி டார்ச்சை ஓட்டும் ஒரு சின்ன சிஎன்சி மேசையும், கம்ப்ரசர் காற்றையும் மின் ஆர்க்கையும் வைத்துத் தகடு வெட்டும் 65 ஆம்ப்ஸ் ஏர் பிளாஸ்மாவும். டார்ச் முனையில் மாட்டும், தேயத் தேய மாற்ற வேண்டிய எலக்ட்ரோடும் நாசிலும் சேர்ந்த செட், கம்பெனி சரக்கு என்றால் எனக்கு 1,100 ரூபாய்க்கு வரும். வலிக்கிற விலைதான். ஜாலி வேலையில் எத்தனை மீட்டர் வெட்டினோம் என்பதை விட எத்தனை முறை ஆர்க் பற்ற வைத்தோம் என்பதுதான் முக்கியம். எலக்ட்ரோடின் முனையில் புதைத்திருக்கும் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒவ்வொரு தடவை ஆர்க் பற்றும்போதும் அணையும்போதும் துளித் துளியாகக் கரைந்து போகும். ஓர் இலை, ஒரு பூ என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு பியர்சிங், அதாவது ஆர்க்கைப் பற்ற வைத்துத் தகட்டைத் துளைப்பது. என் மெஷினில் ஒரு செட் ஏறக்குறைய 350 பியர்சிங் தாங்கும், அதாவது துளைக்கு மூன்று ரூபாய்ச் சொச்சம்.

ஏப்ரலில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து கேட் ஆர்டர் வந்தது. 6 எம்எம் தகட்டில் மிளகுக்கொடி டிசைன், இரண்டு கதவும் சேர்த்து 360 துளை. கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பாதி விலை நாசில்காரர் வந்தார். பைக்கில் ஒரு பை, பைக்குள் சீல் பிரிக்காத டப்பாக்கள், டப்பாவில் மினுமினுக்கும் ஸ்டிக்கர்.

"கம்பெனி சரக்குதாங்ண்ணா. டீலர் கமிஷன் இல்லாததால 450. நம்ப வேண்டாம், ரெண்டு செட் சும்மா தர்றேன், ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் அருமையாக ஓடின. ஓடாமல் என்ன, அவை நிஜமான கம்பெனி சரக்கு! சாம்பிளுக்கு ஒரிஜினலைக் கொடுத்து ஆர்டருக்குப் போலியை இறக்குவதுதான் அவர் தொழில் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாற்பது செட் சொன்னேன். பில் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூடும் என்றார். சரி, வேண்டாம் என்றேன். இந்த இடத்தில் தப்பு என்னுடையது, அதை மறைக்கப் போவதில்லை.

முதல் செட் நாற்பது துளை தாண்டவில்லை, இரண்டாவதும் அப்படியே. 450 ரூபாயை நாற்பதால் வகுத்தால் துளைக்குப் பதினோரு ரூபாய். பாதி விலைச் சரக்கு மூன்று மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது என்பது அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் உறைத்தது. வெட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை நடுவிலேயே இல்லை. அடியில் கசடு ஒட்டி நின்றதில் பையன் இரண்டு நாள் முழுக்க கிரைண்டிங்கே செய்துகொண்டிருந்தான்.

போன் போட்டேன். "உங்க காத்துல தண்ணி இருக்குங்ண்ணா" என்றார். பாதி உண்மையைச் சொல்லி வாயை அடைக்கிற சாமர்த்தியம். கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்தால் அரைச் செம்பு தண்ணீர் வரத்தான் செய்தது. காற்றில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் எந்த எலக்ட்ரோடும் சீக்கிரம் சாகும், அதில் பொய் இல்லை. ஃபில்டர் வாங்கி மாட்டினேன், தினமும் காலையில் தண்ணீரை வடித்தேன். அதற்கப்புறமும் அவர் சரக்கு நாற்பதுதான். அதே காற்றில் என்னிடம் மிச்சமிருந்த பழைய ஒரிஜினல் செட் ஒன்றைப் போட்டேன், 350 ஓடியது.

இதற்கிடையில் நான் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ஆர்க் பச்சையாக எரிந்திருக்கிறது. ஹாஃப்னியம் தீர்ந்து செம்பு எரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், உடனே நிறுத்த வேண்டும். பையனுக்குத் தெரியவில்லை, ஓட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். டார்ச் தலை உருகிப்போய் 9,500 ரூபாய் செலவு. கேட்டின் லாக் பிளேட்டில் துளை கோணலாகி போல்ட் இறங்காததால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் தடவை வேனில் ஏறினேன், அந்த வாடகை தனி.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரிஜினலையும் போலியையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளின்னா டச் போட்டுச் சொல்லிருவேன் மாப்ளே, இதுக்கு என்னத்தப் பாக்கறது?" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டறைக்கு வந்து வைஸில் பிடித்து, இரண்டையும் நெடுக்காக அறுத்தேன். ஒரிஜினலில் ஹாஃப்னியம் செம்புக்குள் ஆணி மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது. போலியில் பெயருக்கு ஒரு பொட்டு, ஒரு எம்எம் கூட இல்லை. ஹாஃப்னியம் கரைந்து விழும் குழி ஒன்றரை எம்எம் ஆழமானால் எலக்ட்ரோடை மாற்றச் சொல்வார்கள். இதில் அந்த ஆழத்துக்குச் சரக்கே கிடையாது.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அடித்துப் பார்த்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதோடு என் பேச்சு நின்றுவிட்டது. அவர் போனும் இப்போது எடுப்பதில்லை.

எல்லா லோக்கல் சரக்கும் மோசம் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி பெயர் போடாமல், வேறு தயாரிப்பு என்று சொல்லியே விற்கிற கடைகளில் 200, 250 துளை ஓடுவதையும் வாங்கியிருக்கிறேன், கணக்குக்குக் கட்டுப்படியாகும். எதை வாங்கினாலும் விற்கிறவர் கொடுக்கிற சாம்பிளை நம்பாதீர்கள். டப்பாக் குவியலில் நடுவிலிருந்து நீங்களே ஒன்றை உருவி, பியர்சிங்கை எண்ணி, அப்புறம் ஒன்றை அறுத்தும் பாருங்கள். ஒரு செட் வீணாகும், பரவாயில்லை.

போன வாரம் கொண்டலாம்பட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பட்டறைக்கும் இரண்டு செட் சாம்பிள் வந்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மிச்சம் 29 செட் கையில் இருந்தது. அப்படியே போட்டால் யாராவது எடுத்து டப்பாவில் அடைத்து மறுபடி விற்றுவிடுவார்கள் என்று ஒவ்வொன்றையும் சுத்தியலால் நசுக்கிப் பழைய இரும்புக் கடையில் செம்பு விலைக்குப் போட்டேன். மொத்தத்துக்கும் 450 ரூபாய் கொடுத்தார்கள்.